கிருபா பழசு

பாட்டின் இரண்டாவது நிமிடம் பதினோராவது வினாடியில் ‘ஏரி’ என்ற சொல் வந்தது. ரெபேக்காள் அங்கே நிறுத்தினாள். லேப்டாப் திரையில் ஒரு ட்ராக்கின் குறுக்கே ஒலியின் அளவைக் காட்டி ஓடிய பச்சைக் கோட்டில் ஒரு புள்ளி வைத்து அதை மேலே இழுத்தாள். கீழே இருந்த ட்ராக்கில் அதே வினாடியில் இன்னொரு புள்ளி வைத்து இறக்கினாள். பின்னால் போய் ஓடவிட்டுக் கேட்டாள். ‘ஏ’ ஒருவர் பாடியது போலவும் ‘ரி’ வேறொருவர் பாடியது போலவும் இருந்தது. இரண்டும் ஒரே ஆள்தான், அவள் புருஷன் கிருபாகரன். ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒன்பது மாத இடைவெளியும், அவன் கழுத்தில் நான்கு விரல் நீளத்துக்கு ஒரு தழும்பும் இருந்தன.

மேல் ட்ராக்குக்கு ‘கிருபா பழசு’ என்று பெயர் வைத்திருந்தாள். போன வருடம் ஜூன் மாதம், தைராய்டு கட்டிக்கு ஆபரேஷன் செய்வதற்கு மூன்று வாரம் முன்பு, சும்மா மெட்டு மறந்துபோகாமல் இருக்கட்டும் என்று அவன் பாடி வைத்தது. கீழ் ட்ராக் ‘கிருபா புதுசு’. இந்த மார்ச்சில் பாடியது. அவர்கள் வீடு செங்கல்பட்டில் ரயில் பாதையை ஒட்டி இருந்ததால் இரண்டு மின்ரயில்களுக்கு இடையே கிடைக்கும் அமைதியில்தான் எதையும் பதிவு செய்ய முடியும். மார்ச்சில் அப்படிப் பன்னிரண்டு நாட்கள், நாளுக்கு மூன்று நான்கு முறை அவன் பாடினான். அத்தனை முறையிலும் ‘இந்த ஏரி ஒன் ஏரி’ என்ற வரியின் உச்சத்தில் குரல் போகவில்லை. போகிற இடம் வரை போய், வெறும் காற்றாக ஆகிவிட்டது.

ஆபரேஷன் முடிந்த மறுநாளே டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். இந்த ஆபரேஷனில் சிலருக்கு அப்படி ஆவதுண்டாம். குரல்வளையில் ஒரு பக்கத்து நாண் அசையவில்லை, பேச்சு வந்துவிடும், மேல் ஸ்தாயி திரும்புவது சந்தேகம். அவள் வார்டுக்குத் திரும்பி வந்து அவனிடம், “ஆறு மாசம் ஆவுமாம் மாமா, முழுசா சரியாவ” என்றாள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல நடைவழியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடக்கிற நேரம்தான் அவள் யோசித்தாள். பிறகு யோசிக்க ஒரு வருடம் இருந்தும் திருத்தவில்லை.

பதினாறு வருடம் மெல்லிசைக் குழுவில் பாடிய ஆள் அவன். செய்யூர் பக்கத்துச் சவுக்குத் தோப்பில் கூலி வேலை செய்தவர்களின் பிள்ளை. சர்ச்சில் பாடிப் பாடி ஒலிபெருக்கிக்கு வந்தவன். காலையில் ஸ்கூல் வேன் ஓட்டுவான், சாயங்காலம் கல்யாண மண்டபங்களில் பாடுவான். ஆபரேஷனுக்குப் பிறகு வேன் மட்டும்தான். பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து வேனுக்குள்ளேயே கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சாப்பிடக் கூப்பிட ஒன்பது வயது மகள் ஷாரோன் போய்க் கண்ணாடியைத் தட்ட வேண்டும். அப்படி ஏழு மாதம் போனது.

ரெபேக்காள் மறைமலைநகர் பக்கத்தில் செல்போன் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் பரிசோதனைப் பிரிவில் இருந்தாள். நாளெல்லாம் பூதக்கண்ணாடியில் கண்ணை வைத்து, தலைமுடியை விடச் சன்னமான பற்றவைப்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. கொரோனா காலத்தில் கம்பெனி மூடிக்கிடந்தபோது குழுவில் கீபோர்டு வாசிக்கும் தாமோதரன் அவளுக்கு இந்த சாஃப்ட்வேரைச் சொல்லிக் கொடுத்தான். ஒவ்வொரு ட்ராக்கிலும் வரிசையாகச் சின்னப் பெட்டிகள், மாட்யூல் என்பார்கள். ஒன்று எக்கோ தரும், ஒன்று சுருதி விலகினால் பிடித்து நிறுத்தும், ஒன்று மெலிந்த குரலைத் தடிமனாக்கும். ஒவ்வொரு பெட்டியிலும் திருகுகள். எந்தத் திருகு எந்த வினாடியில் எவ்வளவு திரும்ப வேண்டும் என்று கோடு வரைந்து வைத்துவிட்டால் பாட்டு ஓடும்போது அது தானாகத் திரும்பும். ஆட்டோமேஷன். தாமோதரனுக்கு அதில் பொறுமை கிடையாது. ரெபேக்காளுக்கு அது கம்பெனி வேலையை விட லேசாக இருந்தது.

மார்ச்சில் அவள் அந்தக் கோடுகளை வரைந்தாள். புதுசு பலவீனப்படுகிற ஒவ்வொரு இடத்திலும் அதை இறக்கி, பழசை ஏற்றி, சேருமிடத்தில் எக்கோவைக் கால் வினாடி கூட்டி, தையல் தெரியாமல் செய்தாள். நானூற்றுச் சொச்சம் புள்ளிகள். முடித்து அவனுக்குப் போட்டுக் காட்டியபோது அவன் ஹெட்போனைக் கழற்றாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். “வந்துடுச்சு” என்றான். “பாத்தியா ரெபேக்கா, எனக்கு மைக் இருந்தா வருது. சும்மா பாடினா வரல. மைக்குக்கு முன்னாடி வந்துடுது.” அன்றைக்கு இரவு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான். மறுநாள் வேனின் கண்ணாடி இறங்கியிருந்தது.

அவள் அந்த இரண்டு தட்டு சோற்றுக்கு எதிராக எதையும் சொல்ல முடியாதவளாகிப் போனாள்.

அந்தப் பாட்டு அவன் ஷாரோனுக்காக எழுதியது. ‘ஏரி தேடி வந்த புள்ள, எந்த ஊரு ஒன் ஊரு, எத்தன கடல் தாண்டினாலும் இந்த ஏரி ஒன் ஏரி’ என்று போகும். யூடியூபில் போட்டார்கள். அது யார் யார் போனுக்கோ போய், வேடந்தாங்கல் பக்கம் லாரி வைத்துத் தொழில் செய்யும் வாசுதேவன் என்பவரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் நேரில் வந்தார். மகள் கவியாவுக்கு ஆவணியில் கல்யாணம், மாமல்லபுரம் தாண்டி ஒரு பீச் ஓட்டலில் வரவேற்பு. அங்கே இந்தப் பாட்டை இவர்தான் பாட வேண்டும் என்றார். “லாரில போறப்ப கேட்டேன். வண்டிய ஓரங்கட்டிட்டேன்” என்றார். கிருபாகரன் ரெபேக்காளைப் பார்க்கக்கூட இல்லை. உடனே தலையாட்டிவிட்டான்.

“சுருதிய ரெண்டு கட்ட எறக்கிக்கலாம் மாமா. ஆபரேஷனுக்கு அப்பறம் முதல் தபா மேடை ஏறற.”

“எறக்கினா அது வேற பாட்டு. அவரு கேட்டது இதான்.”

அதனால்தான் இப்போது, கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, அவன் வேனில் போயிருக்கும் நேரத்தில் மறுபடி புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். மேடையில் புதுசு ட்ராக்குக்குப் பதிலாக அவனுடைய மைக் இருக்கும். மைக் லேப்டாப் வழியாகப் போகும். உச்சம் வருகிற மூன்று இடங்களிலும் கோடு மைக்கைத் தணித்துப் பழசை ஏற்றும். முன்னால் இருக்கும் பெரிய ஸ்பீக்கர்களுக்கு மட்டும்தான் பழசு போகும். அவன் காலடியில் இருக்கும் மானிட்டர் ஸ்பீக்கருக்குப் போகாது. அந்த இடங்களில் மானிட்டரில் வயலின்களைக் கூட்டி வைத்தாள், அவன் குரலை அவனே சரியாகக் கேட்டுவிடக் கூடாது என்று.

வாசலில் வேன் சத்தம் கேட்டதும் லேப்டாப்பை மூடினாள்.

“இன்னா, இன்னுமா வேல கீது?” என்றான் செருப்பைக் கழற்றிக்கொண்டே.

“முடிஞ்சிது.”

“என்னோட மைக்க எடுத்து வெச்சிட்டியா?”

“வெச்சிட்டேன் மாமா.”

கல்யாண வரவேற்பு நாளில் மத்தியானம் மூன்று மணிக்கு பைக்கில் கிளம்பினார்கள். ஷாரோனைக் குழுவில் பாடும் ஜெசிந்தாவின் தங்கை வீட்டில் விட்டாயிற்று. திருக்கழுக்குன்றத்தில் டீக்கு நிறுத்தினான். வெந்நீர் மட்டும் வாங்கிக் குடித்தான். அவன் கழுத்தில் தழும்பை மறைக்க மெரூன் கலரில் ஒரு ஸ்கார்ஃப் சுற்றியிருந்தான். அது அவனுக்கு நன்றாகக்கூட இருந்தது. இப்போது சொல்லிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. இப்போது சொன்னால் கோபப்படுவான். கோபத்தோடு சுருதியை இறக்கிப் பாடுவான், அல்லது திரும்பி வீட்டுக்குப் போவான். இரண்டுமே மேடைக்குக் கீழே நடந்துவிடும்.

“மாமா, ஒண்ணு சொல்லணும்.”

“நானும் ஒண்ணு சொல்லணும். இரு.” கிளாஸை வைத்தான். “இன்னிக்கு முடிஞ்சதும் தாமுகிட்ட சொல்லிடப் போறேன். தீபாவளிலருந்து நான் குரூப்புக்கு முழுசா வர்றேன்னு. வேனுக்கு ஆளு பாத்துக்கச் சொல்லி ஓனர்கிட்ட நேத்தே சொல்லிட்டேன்.”

“நேத்தா?”

“ஆமா. ஒனக்கு ஒரு இதுவா சொல்லலாம்னு வெச்சிருந்தேன்.” சிரித்தான். “நீ இன்னா சொல்ல வந்த?”

டீக்கடைக்காரர் பாலை ஆற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் அதையே கேட்டாள். “ஒண்ணியும் இல்ல. தண்ணி பாட்டில் எடுத்துக்க மறந்துட்டேன்” என்றாள்.

ஓட்டலின் புல்வெளியைத் தாண்டினால் மணல், மணலைத் தாண்டினால் கடல். மேடைக்குப் பின்னால் துணி கட்டியிருந்தார்கள். கடல் காற்று அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. ரெபேக்காளின் மேஜை மேடைக்கு இடது பக்கத்தில், பத்தடி தள்ளி. நான்கரை மணிக்கு ஒலிச் சோதனை. கிருபாகரன் ஒருமுறை முழுதாகப் பாடினான். மூன்று இடங்களிலும் கோடு சொன்னதைச் செய்தது. முன் ஸ்பீக்கரிலிருந்து போன குரல் ஓட்டல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. நாற்காலிகளுக்கு உறை போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். கிருபாகரன் மைக்கை ஒரு முறை பார்த்துவிட்டு, ஸ்டாண்டில் மாட்டும்போது அதன் தலையை லேசாகத் தட்டிக் கொடுத்தான்.

அவன் முகம் கழுவப் போனதும் தாமோதரன் மேஜைக்கு வந்தான். அவன் ஒருவனுக்குத்தான் எல்லாம் தெரியும்.

“அண்ணி, இது வேணாம்.”

“இப்ப சொல்றியே தாமு.”

“அன்னிக்கே சொன்னேன். ரெக்கார்டிங்குல பண்ணது வேற. இது லைவ். கோடு பாட்டுக்குப் போய்கினே இருக்கும், அதுக்குக் கண்ணு கெடயாது. அண்ணாத்த என்னிக்காவது ட்ராக்கோட போயிருக்காரா? கூட்டத்தப் பாத்தா ஒரு வரிய ரெண்டு தபா பாடுவாரு.”

“கண்டிப்பா ட்ராக்கோட போவணும்னு சொல்லிக்கீறேன்.”

“யாரு இன்னா சொன்னாலும் அவுரு மேட ஏறினா அவுருதான்.” குனிந்து திரையைப் பார்த்தான். பழசின் கோட்டில் இருந்த மூன்று மேடுகளையும் விரலால் தொட்டான். “இந்த எடத்துல அவுரு தும்மினாகூட நாம காலி.”

“நான் பாத்துக்கறேன்.”

“இன்னாத்த பாத்துப்பீங்க?” என்றான் அவன். பதிலுக்கு நிற்காமல் கீபோர்டுக்குப் போய்விட்டான்.

ஆறரைக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் மேடைக்கு எதிரே அலங்கார நாற்காலிகளில் வந்து உட்கார்ந்தார்கள். ஜெசிந்தா இரண்டு பாட்டுப் பாடினாள். ஒரு பக்கம் சாப்பாடு ஆரம்பித்திருந்தது. தட்டோடு நின்றவர்கள் மேடையைப் பார்த்தும் பார்க்காமலும் பேசிக்கொண்டிருந்தார்கள். வாசுதேவன் மட்டும் முதல் வரிசையில் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, வகுப்பில் உட்கார்ந்திருப்பவர் போல இருந்தார். கிருபாகரன் மேடையேறினான். வணக்கம் சொன்னான். பேச்சில் ஒரு கரகரப்பு இருந்தது, அவ்வளவுதான். ரெபேக்காள் ஸ்பேஸ் பாரைத் தட்டினாள்.

திரையில் ஒரு செங்குத்துக் கோடு இடமிருந்து வலமாக நகர ஆரம்பித்தது. அதை யாரும் இனி அவசரப்படுத்தவும் முடியாது, காத்திருக்கச் சொல்லவும் முடியாது. புல்லாங்குழல், பிறகு தாமோதரனின் கீபோர்டு. ‘ஏரி தேடி வந்த புள்ள…’ கிருபாகரனின் கீழ்க்குரல் நன்றாக இருந்தது. முன்பை விடக் கனமாகக்கூட. முதல் மேடு நெருங்கியது. அவள் மவுஸைப் பழசின் கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். மைக் தணிந்தது, பழசு ஏறியது. ‘இந்த ஏரி ஒன் ஏரி…’ குரல் மேலே போய் அங்கேயே நின்றது. தட்டோடு நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கிருபாகரன் கண்களை மூடிக் கழுத்தை நீட்டி, நரம்பு புடைக்கப் பாடிக்கொண்டிருந்தான். அவன் வாயிலிருந்து என்ன வந்தது என்று பத்தடி தூரத்தில் இருந்த அவளுக்கே தெரியாது. கவியா கர்சீப்பால் கண் மையை ஒற்றிக்கொண்டாள்.

ஒன்று முடிந்தது.

சரணம் தொடங்கியபோது வாசுதேவன் எழுந்தார். ரெபேக்காள் முதலில் அதைக் கவனிக்கவில்லை. அவர் மேடையின் பக்கவாட்டில் பொன்னாடைகள் அடுக்கியிருந்த தாம்பாளத்திடம் போனார், ஒன்றை எடுத்து உதறினார், படியில் கால் வைத்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. அவள் மேஜைக்குப் பின்னாலிருந்து எழுந்து கையை ஆட்டினாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. தாமோதரன் பார்த்தான், அவன் இரண்டு கைகளும் கீபோர்டில் இருந்தன, தலையை மட்டும் வேண்டாம் வேண்டாம் என்பது போல ஆட்டினான். யாருக்குச் சொன்னான் என்று தெரியவில்லை.

‘எத்தன கடல் தாண்டினாலும்’ என்று பாடிக்கொண்டிருந்த கிருபாகரன் அவரைப் பார்த்தான். மைக்கை மார்புக்கு இறக்கினான். பதினாறு வருடமாக எந்த மேடையிலும் செய்கிற மாதிரி, இரண்டு கைகளையும் சேர்த்து, தலையைக் குனிந்தான். வாசுதேவன் பொன்னாடையை அவன் தோளில் போர்த்தினார்.

‘இந்த ஏரி’ என்று ஸ்பீக்கர் பாடியது.

ரெபேக்காள் மவுஸால் பழசின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். இறங்கியது. விட்டாள். கோடு அதை மறுபடி மேலே ஏற்றியது. ‘ஒன்…’ மறுபடி இழுத்தாள், மறுபடி ஏறியது. அவள் வரைந்த கோடு, அவள் பேச்சைக் கேட்கவில்லை. கோட்டின்படி நட என்று சொல்லும் பச்சைப் பொத்தான் ட்ராக்கின் ஓரத்தில் இருந்தது. அதை அணைத்தால்தான் விடும். தேடிக் கண்டுபிடித்து அணைத்து, கட்டையை அடிமட்டத்துக்கு இழுத்தாள். அதற்குள் ‘ஏரி’யின் பாதி போயிருந்தது. மீதி வரவில்லை. புல்வெளியில் வயலின் மட்டும் கேட்டது.

நான்கு சொல்கூட முழுதாக இல்லை. சிலர் கைதட்டினார்கள், பொன்னாடைக்கு. சாப்பாட்டுப் பக்கம் யாரோ சிரித்தார்கள். வேறு எதற்கோகூட இருக்கலாம். வாசுதேவன் ஒன்றும் கவனிக்காமல் படியிறங்கிப் போனார். கிருபாகரன் குனிந்த தலையை நிமிர்த்தி முதலில் ஸ்பீக்கரைப் பார்த்தான். அங்கேயிருந்து யாரோ தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது போலப் பார்த்தான். பிறகு திரும்பி அவளைப் பார்த்தான்.

அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவளுக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். அது கணக்கு புரியாத பிள்ளையின் முகம் போல இருந்தது. பிறகு மெல்ல, வரி வரியாக, அவனுக்குப் புரிவதை அவள் பார்த்தாள். மார்ச் மாதம் புரிந்தது. ஹெட்போன் புரிந்தது.

இடையிசை ஓடிக்கொண்டிருந்தது. அது முடிந்தால் கடைசிச் சரணம், அதன் முடிவில் மூன்றாவது மேடு. பச்சைப் பொத்தானை மறுபடி போட்டுவிட்டால் பழசு வந்து காப்பாற்றிவிடும். யாருக்கும் எதுவும் தெரியாது. அவள் பொத்தானின் மேல் மவுஸை வைத்துக்கொண்டு, புருவத்தை உயர்த்தி அவனைக் கேட்டாள். போடட்டுமா? அவன் ஆமென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பி மணப்பெண்ணின் பக்கம் பார்த்துக்கொண்டு மைக்கை வாயருகே கொண்டு போனான்.

சரணம் பாட ஆரம்பித்தான். எட்டு வரி. அவள் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான எட்டு வரியைக் கேட்டதில்லை. போட்டால், தெரிந்தபின்னும் அவனை ஊமையாக்கி வேறொருவனைப் பாட விடுவதாகிவிடும். போடாவிட்டால், இத்தனை பேர் முன்னால் அவன் விழுவதை அவளே உட்கார்ந்து பார்ப்பதாகிவிடும். ஏழு மாதம் கண்ணாடி ஏற்றிய வேன் அவள் நினைவில் வந்து நின்றது. ஐந்தாவது வரி. ஆறாவது. பொத்தானின் மேலிருந்து மவுஸை எடுத்தாள்.

எடுத்த பிறகுதான் பகீரென்றது. மைக்கின் கோடு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. உச்சத்தில் அது மைக்கைத் தணித்துவிடும். பழசும் இல்லாமல், அவனும் இல்லாமல், வெறும் வாய் மட்டும் அசையும். ‘எத்தன கடல் தாண்டினாலும்’ என்று அவன் மூச்சிழுத்தபோது மைக் ட்ராக்கின் பச்சைப் பொத்தானை அணைத்தாள். சுருதி மாட்யூலையும் எக்கோவையும் அணைத்தாள். கட்டையைக் கையாலேயே மேலே தள்ளினாள், போகிற வரைக்கும்.

‘இந்த ஏ…’

துணி கிழிகிற மாதிரி குரல் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி மேலே ஏறப் பார்த்து வெறும் காற்றாகிப் போனது. அந்தக் காற்று அத்தனை பெரிய ஸ்பீக்கரிலும் மூச்சாகக் கேட்டது. நாற்காலிகள் அசைந்தன. ஒரு குழந்தை திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தது. கிருபாகரன் நிறுத்தவில்லை. இருமவில்லை. அந்தச் சொல்லை அங்கேயே விட்டுவிட்டு ஒரு ஸ்தாயி கீழே இறங்கி, ‘ஒன் ஏரி’ என்று, கூடத்தில் படுத்திருக்கும் பிள்ளையிடம் சொல்வது போலச் சொல்லி முடித்தான். தாமோதரன் கடைசி ஸ்வரத்தைத் தேவைக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தான். கல்யாண வீட்டில் எந்தப் பாட்டுக்கும் விழுகிற அளவு கைதட்டல் விழுந்தது. பேச்சு திரும்ப ஆரம்பித்தது. ஜெசிந்தா அடுத்த பாட்டுக்கு மைக்கை வாங்கிக்கொண்டாள்.

குழு முடித்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்தபோது வாசுதேவன் வந்தார். சாப்பிட்டீர்களா என்று கேட்டார். சாப்பிட்டோம் என்றான் கிருபாகரன், சாப்பிட்டிருக்கவில்லை. அவர் தயங்கி நின்றார்.

“முதல் தபா பாடறப்ப அப்டியே லாரில கேட்ட மாதிரியே இருந்துது தம்பி. கடைசில ஏதோ ஆயிடுச்சி. மைக் பேஜாரு பண்ணிடுச்சா?”

“இல்ல சார். மைக் சரியாத்தான் இருந்துது.”

அவர் தலையாட்டினார். அவன் தோளில் கை வைத்து அழுத்திவிட்டுப் போனார்.

ரெபேக்காள் லேப்டாப்பைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். பாதியில் மாட்டிக்கொண்டது. அவன் எதிரே வந்து நின்றான். ஸ்கார்ஃபைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். காற்றில் அது ஆடியது. தழும்பு விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது.

“ஆபரேஷனுக்கு முன்னாடி பாடினது தானே அது?”

“ம்.”

“டாக்டர் இன்னா சொன்னாரு ஒன்கிட்ட? நெஜமா.”

சொன்னாள். ஒரு வருடம் சுமந்திருந்ததைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“அந்த ரெக்கார்டிங்ல நான் எவ்ளோ கீறேன்?”

“எல்லாமே நீதான் மாமா. வேற யாரு குரலும் இல்ல.”

“அத்த கேக்கல.”

அவளுக்குத் தெரியும் அவன் எதைக் கேட்கிறான் என்று. எத்தனை வினாடி புதுசு, எத்தனை வினாடி பழசு என்று அவளால் சரியாகச் சொல்லிவிட முடியும். “கீழ்க் குரல்ல வர்றதெல்லாம் இப்ப இருக்கற நீ” என்றாள். “நீ சாப்புட ஆரம்பிச்ச. அதான் சொல்ல முடியல.”

“ஓனர்கிட்ட வேற சொல்லித் தொலச்சிட்டேன்” என்றான் அவன், அவளிடம் இல்லை, கடலின் பக்கம். பிறகு குனிந்து, மாட்டிக்கொண்ட ஜிப்பைப் பின்னுக்கு இழுத்து விடுவித்து, மூடினான். பையை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு வண்டியை நோக்கி நடந்தான்.

மணி பத்து இருக்கும். திருக்கழுக்குன்றம் சாலையில் லாரிகள் எதிரே வந்துகொண்டிருந்தன. ஒரே ஹெல்மெட், அது அவன் தலையில். அவள் லேப்டாப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு அவனைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். ஊர் எல்லை தாண்டி வயல் வந்ததும் ஹெல்மெட்டுக்குள் ஏதோ சத்தம் கேட்டது.

“இன்னா மாமா?”

சத்தம் நிற்கவில்லை. காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போனது. “கேக்கல மாமா” என்றாள் மறுபடி. ஒரு லாரி கடந்தது. அவள் பையை ஒரு பக்கமாக நகர்த்திவிட்டு, முன்னால் சாய்ந்து, வியர்வையில் நனைந்திருந்த அவன் சட்டையில், இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே, காதை வைத்தாள்.

உள்ளே ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. அவளைத் திட்டுகிறானா, அழுகிறானா, பாடுகிறானா என்று எலும்பின் வழியாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தாழ்வாக இருந்தது, இதுவரை அவள் எந்த ட்ராக்கிலும் கேட்டிராத அளவுக்குத் தாழ்வாக. கொஞ்சம் ஏறியது, நின்றது, மறுபடி ஏறியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சாலை வளைந்து ஒரு பாலத்தின் மேல் ஏறியது. விளக்குகள் ஒவ்வொன்றாக அவன் ஹெல்மெட்டின் மேல் வழுக்கி, அவள் கன்னத்தைத் தொட்டு, பின்னால் போய்க்கொண்டே இருந்தன.